கேன்டீன் வாளி

8 ஜூன் 2025, ஞாயிறு

அடைக்கு உட்கார்ந்த சிறுவிடைக் கோழிகள் ஏமாற்றவில்லை. ஐம்பது சொச்சம் குஞ்சு. கம்பெனி அட்டைப்பெட்டியைப் பிரித்து வட்டமாக நிறுத்தி, உள்ளே உமி பரப்பி, குண்டு பல்பு தொங்கவிட்டிருக்கிறேன். குஞ்செல்லாம் பல்புக்கு அடியில் நெருக்கினால் குளிர், ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு. இப்போது பரவலாகத் திரிகின்றன, சரிதான்.

தீவனக்காரர் மூட்டைக்கு மறுபடி விலை ஏற்றிவிட்டார். சோயாப் புண்ணாக்கு ஏறினால் அன்றைக்கே ஏற்றுவார், இறங்கினால் மட்டும் அவருக்கு ஞாபகம் வராது. குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் புரதம் நூற்றுக்கு இருபது பங்காவது வேண்டும். அரிசி நொய்யும் கம்பும் போட்டு அந்தக் கணக்குக்கு வர முடியாது. புழு பூச்சி ஏதாவது வீட்டிலேயே உண்டாக்கிக் கொடுத்தால் மூட்டை செலவு குறையும் என்று ரொம்ப நாளாக யோசனை. இந்தத் தடவை செய்துவிடப் போகிறேன். செய்கிறதை எழுதியும் வைக்கிறேன். போன் கம்பெனி லைனில் இருந்தபோது ஷிஃப்ட் முடிவில் நோட்டு எழுதித்தான் கையை விடுவார்கள். கம்பெனி மூடி பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, பழக்கம் மூடவில்லை.

10 ஜூன், செவ்வாய்

அத்தையிடம் சொன்னதும், "இதுக்கு இன்னாத்துக்கு யோசனை? கரையான் பானை வெய்யேன்" என்றார்.

அத்தை காலத்து முறை இது. பழைய மண்பானைக்குள் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், தென்னை மட்டை, ஓலை, இற்றுப்போன கட்டை என்று நார்நாராக எதையாவது அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள தரையில் சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிந்ததும் பானையை எடுத்துவந்து முற்றத்தில் தட்டினால் குஞ்சுகள் ஓடிவந்து பொறுக்கிக்கொள்ளும். காசு செலவில்லை. நாட்டுக்கோழி வளர்க்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் இன்றைக்கும் இதைச் சொல்லித்தருகிறார்கள்.

ஆனால் எங்கே கவிழ்ப்பது? எங்கள் முற்றம் சிமென்ட். வாடகைக்கு அறை கட்டியபோது பின்கட்டும் சிமென்ட் ஆயிற்று. வேலிக்கு அந்தப்பக்கம் அத்தை மாடு ஓட்டிய கரம்பு இப்போது சரக்குக் கிடங்கு, தரை முழுக்க ஜல்லி. கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடும்போதே கரையான் மருந்து அடிப்பது வழக்கம். அந்த மண்ணில் ஒருவேளை கரையான் கிடைத்தாலும் குஞ்சுக்குப் போட எனக்கு மனசு வராது.

அத்தை விடவில்லை. நேற்று சாயங்காலமே ஏரிக்கரை ஓரமாகக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். காலையில் ஒரு கை அளவு கிடைத்தது. போட்ட இடம் தெரியாமல் தீர்ந்தது. பத்து குஞ்சுக்குச் சரி. ஐம்பதுக்கு ஐந்தாறு பானை வேண்டும், தினம் இடம் மாற்ற வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, எனக்கு நேரம் இல்லை.

12 ஜூன், வியாழன்

குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து போட்டாயிற்று. லசோட்டா, கண்ணில் ஒரு சொட்டு. வெள்ளைக் கழிச்சல் வந்தால் புழுவும் கிடையாது, கோழியும் கிடையாது. எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி போடணும்.

எந்தப் பூச்சி என்று இன்றைக்கு முடிவு செய்தேன். மீல்வார்ம் என்று கொளத்தூர் பக்கம் மீன், பறவைக் கடைகளில் டப்பாவில் விற்கிறார்களே, அது சுத்தமான புழு, நாற்றமே இல்லை. ஆனால் கோதுமைத் தவிடு தின்று மெதுவாக வளரும், முட்டையிலிருந்து எடுக்கும் அளவுக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். தவிட்டைக் காசு கொடுத்து வாங்கிப் புழுவுக்குப் போடுவதற்கு நேராகக் கோழிக்கே போடலாம். சிள்வண்டு வளர்ப்பவர்கள் உண்டு. ராத்திரி முழுக்கக் கத்தும், தப்பித்தால் வீடெல்லாம் வண்டு. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு அது நடக்காது.

மிச்சம் இருப்பது சிப்பாய் ஈ, பிளாக் சோல்ஜர் ஃப்ளை. பிஎஸ்எஃப் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மிச்ச சோறு, காய்கறித் தோல், அழுகின பழம் எதையும் தின்னும். இரண்டு மூன்று வாரத்தில் எடுத்துவிடலாம். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, இப்போது நம் ஊர் வெயிலில் தானாகவே திரிகிறது. மாடியில் உரத்தொட்டி வைத்திருப்பவர்கள் உள்ளே நெளியும் தடித்த புழுவைப் பார்த்து அலறி மருந்தடிக்கிறார்களே, அனேகமாக இதுதான்.

தீனிக்குப் பஞ்சமில்லை. ஒரகடம் ரோட்டில் டெய்ம்லர், ரெனோ-நிசான், அப்போலோ டயர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் அதற்கும் பின்னால். மூன்று ஷிஃப்டும் சாப்பாடு, மூன்று ஷிஃப்டும் மிச்சம். தம்பி ஒரு கேன்டீனில்தான் வேலை பார்க்கிறான். கேட்டேன். "அக்கா, எத்தினி வாளி வேணும்னு மட்டும் சொல்லு" என்றான்.

15 ஜூன், ஞாயிறு

இன்றைக்கு முழுக்க ட்ரம் வேலை.

காயலான் கடையில் 200 லிட்டர் நீல ட்ரம் மலையாகக் கிடக்கிறது. பாதிக்கு மேல் கூலன்ட், கட்டிங் ஆயில், பெயின்ட் தின்னர் வந்த ட்ரம். "கழுவினா போயிடும்மா" என்றார் கடைக்காரர். போகாது. இந்தப் புழு சாப்பிடுவதில் காட்மியம் இருந்தால் அதை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். புழுவிடமிருந்து கோழிக்கு, கோழியிடமிருந்து நமக்கு. கம்பெனிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இதில் அசட்டையாக இருக்க முடியாது. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மோந்து பார்த்து, கடைசியில் வினிகர் வாசம் அடித்த ஊறுகாய்க் கம்பெனி ட்ரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு மட்டும் நூறு ரூபாய் கூடக் கேட்டார், நான் மோந்து பார்த்த கூலி போலிருக்கிறது.

மாடி அறையில் இருக்கும் ஒடிசாப் பையன் வெல்டிங் வேலைக்காரன், அவனிடம் கட்டிங் மெஷின் இருக்கிறது. ட்ரம்மைப் படுக்கப் போட்டு, மேல்பக்கம் நீளமாக ஜன்னல் மாதிரி வெட்டச் சொன்னேன். இரண்டு முனையும் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"உள்ளே என்னா போடும் அக்கா?"

"புழு."

மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு வெட்டினான்.

செய்தது இப்படி. ஒரு முனையில், உள்ளே, தரையிலிருந்து மேலே ஏறும் சரிவுப் பலகை. நான்கு இன்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சரிவாக வைத்து எம்-சீல் போட்டு ஒட்டினேன். 35, 40 டிகிரிக்குள் சாய்வு இருந்தால் போதும், செங்குத்தாக வைத்தால் ஏறாது. பலகையின் உச்சியில் ட்ரம்மில் ஓட்டை, ஓட்டைக்கு வெளியே எல்போ, அதற்குக் கீழே மூடியில் துளை போட்ட பெயின்ட் பக்கெட். புழு முற்றிக் கறுத்ததும் தின்பதை நிறுத்திவிட்டு, காய்ந்த இருட்டான இடம் தேடித் தானாகவே ஏறிப் போகும். அது போகிற வழியில் நாம் பக்கெட் வைத்தால் அறுவடை. பொறுக்கவும் வேண்டாம், சலிக்கவும் வேண்டாம். இந்தக் குணத்துக்காகவும்தான் உலகம் முழுக்க இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுமுனையில் அடியில் டேங்க் நிப்பிள், அரை இன்ச் குழாய். குழாய் வாய்க்கு உள்பக்கம் ஒரு சட்டி ஜல்லி, ஜல்லிமேல் பச்சை வலை. ட்ரம்மைக் குழாய்ப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி வைத்தேன். ஈரக் கழிவில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே, அது வெளியே போக வழி இல்லையென்றால் புழு செத்து ட்ரம் நாறும். வீடியோக்களில் சரிவுப் பலகையைப் பத்து நிமிஷம் காட்டுகிறார்கள், இந்தக் குழாயைக் காட்டுவதே இல்லை.

ஸ்டாண்டு பேலட் கட்டையில். நான்கு காலும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில், தண்ணீர்மேல் பழைய என்ஜின் ஆயில் இரண்டு சொட்டு. எறும்புக்கு முட்டையும் குஞ்சுப் புழுவும் கிடைத்தால் ஒரே ராத்திரியில் முடித்துவிடும்.

18 ஜூன், புதன்

ஈ முட்டையைக் காசு கொடுத்து வாங்கவில்லை. ஒரு கிராமில் நாற்பதாயிரம் முட்டை வரை இருக்குமாம், அந்த ஒரு கிராமுக்கு ஆன்லைனில் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வெளியே திரிகிற ஈயே வரட்டும்.

தூண்டில் போட்டாயிற்று. புளித்த சோறு, அழுகின வாழைப்பழம், தவிடு, கொஞ்சம் ஊறவைத்து நசுக்கிய சோயா. அதற்கு மேலே, ஒட்டாமல் நாலு விரல் உயரத்தில், அட்டைப்பெட்டித் துண்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன். தீனிமேல் இது முட்டையிடாது. பக்கத்தில் காய்ந்த இடுக்குத்தான் தேடும். நெளி அட்டையின் ஓட்டைகள் அதற்குக் கச்சிதம். பார்ட்ஸ் வந்த பெட்டி இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது.

இன்றைக்கு வந்ததெல்லாம் வீட்டு ஈ. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார், பேசவில்லை.

21 ஜூன், சனி

வந்துவிட்டது!

காலையில் ஒன்பது மணி வெயிலுக்கு ட்ரம் மூடிமேல் உட்கார்ந்திருந்தது. ஒரு விரல்கணு நீளம், கன்னங்கறுப்பு, இறக்கையை முதுகோடு மடித்து வைத்திருந்தது. முதலில் குளவி என்று பின்வாங்கினேன். கொட்டாது, அதற்குக் கொடுக்கே இல்லை. வயிறு தொடங்கும் இடத்தில் கண்ணாடி பதித்த மாதிரி இரண்டு வெளிச்சமான கட்டம், கால் நுனிகள் வெள்ளை. அந்த இரண்டையும் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். அட்டையின் ஓரமாக நடந்து, வாலை நீட்டி ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டுப் பார்த்து, பிடித்த ஓட்டை கிடைத்ததும் அசையாமல் நின்றுவிட்டது. நான் மூக்குக்கு அருகில் போய்ப் பார்த்தும் நகரவில்லை.

வளர்ந்த ஈ சாப்பாடு தேடி அலைவதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் மிச்ச நாளை ஓட்டுகிறது, தண்ணீர் மட்டும் வேண்டும். ஒரு வாரம், கூடப் போனால் இரண்டு வாரம் ஆயுசு. அதற்குள் ஒரு பெண் ஈ ஐந்நூறு முட்டை அளவுக்கு இட்டுவிட்டுப் போய்விடும். நம் தட்டிலும் உட்காராது, அடுப்படிக்கும் வராது. இதை அத்தையிடம் சொன்னேன். "ஈன்னா ஈதான்" என்றார்.

சாயங்காலம் அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று ஓட்டையில் வெளிர் மஞ்சளாக முட்டைக் குவியல். பேனா முனையால்கூடத் தொடவில்லை, அப்படியே கட்டி வைத்துவிட்டேன்.

25 ஜூன், புதன்

பொரித்துவிட்டது. நான்கு நாள். கண்ணுக்கு ரவையைவிடச் சின்னது, தீனியின் மேல் ஓரத்தில் அசைவு மட்டும் தெரிகிறது.

இனி அளவு பார்த்துப் போட வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஈவாக் என்ற நீர் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் புழுவை வைத்துக் கழிவைத் தீர்ப்பதற்கென்றே 2017-ல் ஒரு கையேடு போட்டது. படம் படமாக, யாருக்கும் புரிகிற மாதிரி இருக்கும். அதில் உள்ள கணக்கு: அறுபதுக்கு நாற்பது சென்டிமீட்டர் பெட்டியில் ஐந்து நாள் வயதுப் புழு 10,000 விட்டால், 12 நாளில் 15 கிலோ ஈரக் கழிவைத் தீர்க்கும். என்னிடம் இருப்பது அதில் கால் பங்கோ என்னவோ. தம்பி அனுப்புகிற வாளி ஒன்றே பல நாளுக்குத் தாங்கும்.

வாளியை அப்படியே கொட்டுவதில்லை. சாம்பாரை வடித்துவிடுகிறேன், எண்ணெய் மிதக்கும் குருமாவும் உப்புக் கரிக்கும் ஊறுகாயும் வேண்டாம். டீ கப், பால் கவர், டிஷ்யூ பேப்பர், ஒரு நாள் யாரோ தொலைத்த கம்பெனி அடையாள அட்டை எல்லாம் வருகிறது. பிசைந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் பதம். ஒழுகினால் தவிடு சேர்க்கணும்.

30 ஜூன், திங்கள்

மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவள் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். ஐரோப்பாவில் பூச்சிப் புரதத்தை மீன் தீவனத்துக்கு 2017-லும், கோழி, பன்றித் தீவனத்துக்கு 2021-லும் அனுமதித்தார்கள். அனுமதித்தார்களே தவிர, அந்தப் பூச்சிக்கு ஹோட்டல், கேன்டீன் மிச்சத்தைப் போடக்கூடாது. மாட்டுக்கு மாட்டெலும்புத் தூள் போட்டு நோய் பரவினதிலிருந்து அவர்களுக்கு அந்தப் பயம். "அம்மா, அங்க இருந்தா உன் ட்ரம்முக்கு ஃபைன்" என்று சிரித்தாள்.

சிரித்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. கேன்டீன் வாளியில் புதன், ஞாயிறு கோழிக் குழம்பு வரும். கோழி மிச்சத்தைப் புழு தின்று, புழுவைக் கோழி தின்பது எனக்கும் ஒப்பவில்லை. பண்ணைக் கோழியின் நோய் எதுவும் அந்த வழியாக வாசலுக்கு வர வேண்டாம். தம்பியிடம் சோறு, பொரியல், காய்கறித் தோல் வாளி மட்டும் போதும், எச்சில் வாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காய் நறுக்கும் இடத்திலேயே தனி வாளி வைத்திருக்கிறான்.

3 ஜூலை, வியாழன்

அடுத்த வீட்டம்மா வாசலில் நின்று நாற்றம் என்றார். அவர் சொன்னது நியாயம். நேற்று வாளியில் ரசம் கலந்து வந்துவிட்டது, ட்ரம்முக்குள் ஒரு பக்கம் சேறாகிக் கிடந்தது. குழாயைத் திறந்து கறுப்புத் தண்ணீரை வடித்தேன், தவிடும் காய்ந்த இலையும் போட்டுக் கிளறினேன். மதியத்துக்குள் நாற்றம் நின்றுவிட்டது. வடித்த தண்ணீரில் பத்து பங்கு தண்ணீர் கலந்து முருங்கைக்கு ஊற்றியாயிற்று. ஒன்று கவனித்தேன்: புழு வளர வளர வீட்டு ஈ குறைந்துகொண்டே வருகிறது. இது நெளிகிற இடத்தில் வீட்டு ஈ முட்டையிடத் தயங்குமாம்.

சாயங்காலம் ஒடிசாப் பையன் வந்து ட்ரம்மை எட்டிப் பார்த்தான். அவன் மயூர்பஞ்ச் ஜில்லா. அங்கே மரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பைக் கூட்டோடு எடுத்து, பூண்டு, இஞ்சி, மிளகாய், உப்பு வைத்து அரைத்துச் சட்னி செய்வார்களாம். காய் சட்னி என்று பேர், சிமிலிபால் காட்டுப் பக்கத்துச் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இங்கே ரூமில் இருக்கிறவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள் என்று இத்தனை நாள் அவன் வாயே திறக்கவில்லை.

அத்தை திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்குச் சிரிக்கணும்? நாங்க ஈசல் துன்னல?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. முதல் மழை விட்ட சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்து, கீழே பள்ளம் தோண்டி, விழுந்த ஈசலை முறத்தில் புடைத்து இறக்கை போக்கி, வெறும் சட்டியில் வறுத்துப் பொரியோடு சாப்பிட்டதை அந்தப் பையனுக்குக் கையால் நடித்துக் காட்டினார். அவனுக்குத் தமிழ் பாதிதான் புரியும், ஈசல் முழுதாகப் புரிந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை ஈசல் தின்ற கதையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மருமகளிடம் சொல்லாததை மயூர்பஞ்ச் பையனிடம் சொல்கிறார்.

ஒரகடம் பக்கம் 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கல்லாயுதங்கள் எடுத்தார்கள். அவற்றைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஈசலை விட்டிருப்பார்களா? நான் நினைக்கவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

ராத்திரி இடியும் மழையும். விடிகாலை கதவைத் திறந்தால் ட்ரம்மின் வெளிப்புறம், ஸ்டாண்டு, சுவர், வாசல்படி எங்கும் புழு.

காற்றில் ஈரம் ஏறினால் ட்ரம் சுவர் நனைந்துவிடும். நனைந்த பிளாஸ்டிக்கில் சின்னப் புழுவும் ஒட்டிக்கொண்டு ஏறும், அதற்குச் சரிவுப் பலகையே தேவையில்லை. விளக்குமாற்றை எடுக்கப் போனேன். அத்தை அதற்குள் கோழிக் கூண்டைத் திறந்துவிட்டார். சேவல் முதலில் வந்து ஒன்றைக் கொத்திப் பார்த்து, கூப்பிட்டது. பிறகு எல்லாம் வந்தன. குஞ்சுகள்தான் வேடிக்கை: ஒன்று புழுவைக் கவ்விக்கொண்டு ஓடும், தரையெல்லாம் புழு கிடக்கும்போதே அதன் வாயிலிருப்பதைப் பிடுங்க நாலு துரத்தும். டீ கொதிக்கும் நேரத்தில் வாசல் சுத்தம். சுவரில் எட்டாத உயரத்தில் இருந்தவற்றைப் பல்லி பார்த்துக்கொண்டது.

ட்ரம்மின் ஜன்னல் விளிம்பில் உள்பக்கமாக வளையும்படி தகடு மடித்து ஆணி அடித்தாயிற்று, மேலே தார்ப்பாயும் கட்டியாயிற்று. ஓரமாக உலர்ந்த தவிடு தூவினால் ஏறுவது நிற்கிறது.

13 ஜூலை, ஞாயிறு

பக்கெட்டில் விழ ஆரம்பித்துவிட்டது. கரும்பழுப்பு நிறத்தில், தோல் கடினமாகி, தலை கூராக. காலையில் பக்கெட்டைத் தூக்கினால் கிலுகிலுவென்று சத்தம். சரிவில் வரிசையாக ஏறுவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

எடை போட்டேன். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சந்தோஷந்தான், ஆனாலும் கணக்கைக் கணக்காகப் பார்க்க வேண்டும். உயிர்ப் புழுவில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மிச்சத்தில் நூற்றுக்கு நாற்பது புரதம், முப்பது பக்கம் கொழுப்பு. ஒரு கிலோ புழு என்றால் கையில் நிற்பது 130, 135 கிராம் புரதம். ஒரு கிலோ சோயாப் புண்ணாக்கில் 450 கிராம். ஆக ஒரு கிலோ புண்ணாக்குக்கு மூன்று கிலோவுக்கு மேல் புழு வேண்டும். தீவன மூட்டையே வேண்டாம், புழுவே போதும் என்று பேசுகிறவர்கள் யாரும் இந்த வகுத்தலைச் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை.

என் கணக்கில், குஞ்சுகளுக்குப் பாதி மூட்டை மிச்சமாகும், முட்டைக் கோழிகளுக்குச் சாயங்காலத் தீனி. இந்தப் புழுவில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது முட்டை ஓட்டுக்கு நல்லது. கொழுப்பும் அதிகம், அதனால் ஆளுக்கு ஒரு கைப்பிடி என்று வாரிப் போடக்கூடாது. இன்னொரு ட்ரம் வைத்தால் வாளி சுமக்க ஆள் வேண்டும். ஒன்று போதும்.

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்தது. அம்மன் கோயிலில் கூழுக்குச் சொல்லிவிட்டார்கள். கன்னிச் சேவல் கேட்டு ஆள் வர ஆரம்பித்தாயிற்று, சிவப்புச் சேவலுக்குத்தான் போட்டி. இந்த மாதம் விலையை நாம் சொல்லலாம்.

வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "முட்டை இருக்கா?" என்றார். கோழி முட்டை என்று நினைத்துப் பதில் சொன்னேன். ஈ முட்டை கேட்டிருக்கிறார், கிராம் கணக்கில் வாங்கிக்கொள்வாராம். பத்து கிராம் வாங்கி ஐம்பது பேருக்குப் பிரித்து விற்கிற ஆட்கள் இவர்கள். வாங்குகிற ஐம்பது பேரில் எத்தனை பேர் குழாய் வைத்த ட்ரம் வைத்திருப்பார்கள்? அட்டைத் துண்டும் புளித்த சோறும் போதும், ஈ சும்மா வரும் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

பக்கெட்டில் விழுந்ததில் ஒரு பங்கைக் கோழிக்குக் கொடுக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் வெளி ஈ வரத்து குறைந்தால் கையில் விதை வேண்டுமே. மரத்தூள் போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், கூட்டுப்புழுவாகிக் கிடக்கின்றன.

பழைய கொசுவலையைக் கூண்டாகத் தைத்தேன். ஆள் உயரம், ஒரு மீட்டர் அகலம். கிழக்குப் பார்த்த மாடிப்படி ஓரத்தில் கட்டினேன். இந்த ஈ வெயில் இல்லாமல் ஜோடி சேராது. சாதாரண பல்பை எத்தனை பிரகாசமாகப் போட்டாலும் ஏமாறாது. காலை வெயில், உள்ளே உட்கார இரண்டு கிளை, தெளிக்கத் தண்ணீர், கீழே நாற்றத் தீனி, அதன்மேல் அட்டை. பல்லி நுழையாமல் அடியைச் செங்கல் வைத்து அழுத்தினேன்.

வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டு, "நமக்குக் கொசுவலை இல்ல, ஈக்கு இருக்கு" என்றார்.

30 ஜூலை, புதன்

கூண்டில் ஈ கிளம்பிவிட்டது. காலை பத்து மணிக்கு ஜோடி ஜோடியாக வலையில் ஒட்டியிருந்தன. அட்டையில் முதல் முட்டையும் பார்த்தாயிற்று. குஞ்சுகளுக்கு எட்டாவது வாரம், இறக்கையடி ஊசிக்குக் கால்நடை மருந்தகத்துக்கு நாளை போகணும்.

இன்றைக்கு வேறு ஒரு பஞ்சாயத்து. கேன்டீன் மிச்சத்தை வருஷக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிற பன்றிப் பண்ணைக்காரர் டிவிஎஸ் எக்ஸலில் வாசலுக்கு வந்துவிட்டார். ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை வருகிற இடங்கள் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதியிலேயே சொல்லியிருந்தார்கள். கேன்டீன்காரர்கள் இப்போதுதான் அதற்கு வழி செய்திருக்கிறார்கள். பிரித்ததில் நல்ல வாளி எனக்கு வருகிறது, அவருக்கு எலும்பும் ரசமும் போகிறது என்பது அவர் புகார்.

"நீ எத்தினி கோழி வெச்சிருக்கம்மா?"

சொன்னேன்.

"எங்கிட்ட நாப்பது பன்னி."

அவர் சொல்வதிலும் பொய்யில்லை. என் ட்ரம்முக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வாளி போதும், மிச்ச நாள் தம்பி சும்மா அனுப்புகிறான், நான் தென்னங்குழியில் கொட்டுகிறேன். திங்கள், புதன், வெள்ளி எனக்கு, மற்ற நாள் சோறும் காயும் அவருக்கு என்று பேசி முடித்தோம். புதன் கோழிக் குழம்பு நாள் ஆயிற்றே என்று அப்புறம்தான் உறைத்தது, காய் நறுக்குகிற வாளி என்பதால் பரவாயில்லை. வண்டியைக் கிளப்பும்போது, அவர் பண்ணைச் சாணியில் இந்தப் புழு நிறைய இருக்கிறது, வேண்டுமென்றால் அள்ளிக்கொள் என்றார். வேண்டாம் என்றேன். அத்தை உள்ளேயிருந்து, "எவ்ளோ இருக்குன்னு கேளு" என்றார்.